விலங்குகள் வருவதற்கு முன் 300 கோடி ஆண்டுகள் பூமியில் என்னதான் நடந்தது?

அடிக்கடி வரும் கேள்வி இது: "பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளாவது ஆகிறது, விலங்குகள் வந்து 60 கோடி ஆண்டுகள்தான் இருக்கும் என்கிறார்கள். நடுவில் அத்தனை காலமும் வெறும் பாசிதானா? உயிர் ஏன் அவ்வளவு நாள் சும்மா கிடந்தது?"

சும்மா கிடக்கவில்லை. இன்று உயிரினங்கள் செய்கிற அடிப்படை வேதியியல் வேலைகளை எண்ணிப் பாருங்கள். சூரிய ஒளியைப் பிடித்துச் சர்க்கரை ஆக்குவது, அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனால் எரிப்பது, காற்றின் நைட்ரஜனை உரமாக்குவது, நொதிக்க வைப்பது, இரும்பையும் கந்தகத்தையும் வைத்தே பிழைப்பு நடத்துவது. இதில் ஒன்றைக்கூட விலங்குகள் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள் எப்போதோ முடித்து வைத்த காரியம். விலங்குகள் வந்து மூச்சு விடுவதற்கான காற்றையும் அவையேதான் தயாரிக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு வருகிறேன்.

முதலில், கண்ணுக்கே தெரியாத உயிர்கள் இருந்தன என்று எப்படித் தெரியும்? 1859இல் டார்வின் தன் கொள்கையை வெளியிட்டபோது அவரை உறுத்திய விஷயங்களில் இதுவும் ஒன்று. புதைபடிவங்கள் உள்ள பாறைகளின் அடிவரிசையிலேயே டிரைலோபைட் போன்ற சிக்கலான விலங்குகள் வந்து நிற்கின்றன. அதற்குக் கீழே எதுவும் இல்லை. தன் கொள்கை சரியென்றால் அதற்கு முன்பு மிக நீண்ட காலம் உயிர்கள் வாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் அவற்றின் தடயம் ஏன் இல்லை என்பதற்குத் திருப்தியான பதில் தன்னிடம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பதில் வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டைலர் என்றொரு புவியியலாளர் இருந்தார். இரும்புத் தாதுதான் அவர் ஆராய்ச்சி. 1953இல் கனடாவில் சுப்பீரியர் ஏரிக் கரையில் கன்ஃபிளின்ட் என்ற பாறை வரிசையிலிருந்து கன்னங்கரேலென்ற செர்ட் கல்லை எடுத்து வந்தார். செர்ட் என்பது சிலிக்காவால் ஆன, சக்கிமுக்கிக் கல் வகை. பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் ஒளி ஊடுருவும். புவியியலாளர்கள் தினமும் செய்கிற வேலைதான். நுண்ணோக்கியில் தேன் நிறத் தளத்தில் பழுப்பு இழைகளும் சின்னஞ்சிறு உருண்டைகளும் தெரிந்தன. சில மைக்ரான் தடிமனே உள்ள இழைகள், சிலவற்றில் செல் செல்லாகத் தடுப்புச் சுவர்கள். ஹார்வர்டின் எல்சோ பார்கூர்னோடு சேர்ந்து 1954இல் அதை வெளியிட்டார். அந்தப் பாறைக்கு வயது சுமார் 188 கோடி ஆண்டுகள். சிலிக்கா கரைசல் அந்த நுண்ணுயிர்கள் அழுகுவதற்குள் அவற்றைச் சுற்றி இறுகியதால் செல் சுவர்வரை மிஞ்சியிருந்தது. எலும்பையும் ஓட்டையும் தேடியவர்கள் நூறு வருடம் தவறவிட்டது இதைத்தான்.

அதன்பின் தேடலின் போக்கே மாறியது. ஏற்கெனவே பலரும் பார்த்து, உயிரா வெறும் கல்லா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகளுக்கும் மரியாதை வந்தது. இவை அடுக்கடுக்கான பாறைக் குமிழ்கள். குறுக்கே அறுத்துப் பார்த்தால் முட்டைக்கோசை நடுவில் வெட்டியது போல இருக்கும். ஆழமற்ற கடலில் நுண்ணுயிர்கள் வழவழப்பான விரிப்பாகப் படர்கின்றன. அலை கொண்டுவரும் மண்துகள் அந்தக் கோழையில் ஒட்டுகிறது, சுண்ணாம்பும் படிகிறது. வெளிச்சம் மறைந்ததும் உயிர்கள் மேலேறிப் புதிய விரிப்பு போடுகின்றன. இது ஆயிரக்கணக்கான முறை நடந்தால் ஒரு குமிழ். ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் டிரெஸ்ஸர் பாறைகளில் இருப்பவை சுமார் 348 கோடி ஆண்டுகள் பழையவை. அதே வட்டாரத்தில் ஸ்டிரெல்லி பூல் பாறைகளில் 343 கோடி ஆண்டுப் பழைய பாறைத்திட்டே இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் கடப்பா படுகையில் வேம்பல்லி டோலமைட் பாறைகளில் சுமார் 190 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் உண்டு. சமையல்கட்டு மேடைக்குப் போடுகிறோமே கடப்பாக் கல், அதுவும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான், ஆனால் வேறு அடுக்கு. வீட்டு மேடையில் போய் ஸ்ட்ரோமட்டோலைட் தேட வேண்டாம்.

348 கோடிக்கும் முன்னால்? அங்கே நிதானமாகக் கால் வைக்க வேண்டும். 2016இல் கிரீன்லாந்தின் இசுவா பாறைகளில் 370 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட் கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. 2018இல் அபிகெய்ல் ஆல்வுட் தலைமையில் இன்னொரு குழு அதே இடத்துக்குப் போய் அந்தக் கூம்புகளை வேறு கோணத்திலிருந்து பார்த்தது. பக்கவாட்டில் அவை நீண்ட வரப்புகளாக ஓடின. உயிர் கட்டியிருந்தால் குமிழாக இருக்கும். பாறை நசுங்கி மடிந்தால்தான் வரப்பாகும். முதல் குழு இன்னும் தன் கருத்தை விடவில்லை. நான் ஆல்வுட் பக்கம். அந்தப் பாறைகளில் உள்ள கார்பனில் எடை குறைந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுவகை) கூடுதலாக இருப்பது உயிரின் அடையாளமாக இருக்கலாம், ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு அது போதாது.

இனி ஆக்சிஜன். ஆரம்பத்தில் பூமியின் காற்றில் அது கிட்டத்தட்ட இல்லை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பாறைகளில் அதை நேராகவே பார்க்கலாம். பழைய ஆற்றுப்படுகைகள் இறுகிய பாறை அது. அதில் கூழாங்கற்களோடு பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு மணிகளும் ஆற்றில் உருண்டு உருண்டு மழுங்கிய வடிவில் இருக்கின்றன. இன்றைக்கு ஓர் ஆற்றில் பைரைட்டைப் போட்டால் அவ்வளவு தூரம் உருளாது, வழியிலேயே துருப்பிடித்துக் கரைந்துபோகும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆற்றுப் படிவுப் பாறைகளில் இப்படிப்பட்ட பைரைட் மணிகள் அநேகமாகக் கிடையாது. இன்னும் துல்லியமான சாட்சி கந்தகம். வளிமண்டலத்தில் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் ஓசோன் இல்லாதபோது புற ஊதாக் கதிர் கந்தக வாயுக்களை உடைத்து, ஐசோடோப்புகளின் விகிதத்தில் ஒரு விசித்திரமான கோணலை உண்டாக்குகிறது. ஜேம்ஸ் ஃபர்க்குவாரும் சகாக்களும் 2000இல் காட்டியது இது: பழைய பாறைகளில் அந்தக் கோணல் இருக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது, திரும்பி வரவே இல்லை. காற்றில் ஆக்சிஜன் நிரந்தரமாகத் தங்கிய தருணம் அதுதான்.

தயாரித்தது சயனோபாக்டீரியா, நாம் நீலப்பச்சைப் பாசி என்று சொல்வது. பாசி என்று பேர்தானே தவிர இது பாக்டீரியா. மற்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கரைந்த இரும்பு போன்ற எளிதில் எலக்ட்ரான் தரும் பொருட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தன. அவை கிடைக்கிற இடத்தில்தான் பிழைப்பு. சயனோபாக்டீரியா தண்ணீரையே உடைக்கக் கற்றுக்கொண்டது. தண்ணீர் எங்கும் உண்டு, தீராது. ஆக்சிஜன் அதன் கழிவு.

ஆனால் கழிவு உடனே காற்றில் சேர்ந்துவிடவில்லை. எரிமலை வாயுக்கள் தின்றன, மீத்தேன் தின்றது, கடலில் கரைந்திருந்த இரும்பும் தின்றது. ஆக்சிஜன் பட்டதும் கரைந்த இரும்பு துருவாகி அடியில் படியும். உலகத்தின் இரும்புத் தாதுவில் பெரும்பங்கு இப்படிப் பட்டை பட்டையாகப் படிந்த பாறைகளிலிருந்துதான் வருகிறது. சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் குவார்ட்சும் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வருகிற பாறையும் இதே குடும்பம்தான். பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய பிறகும் பட்டைகள் அழியவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: பட்டை இரும்புப் பாறை இருந்தாலே ஆக்சிஜன் இருந்தது என்று பாடப்புத்தகம் போலச் சொல்லிவிட முடியாது. ஆக்சிஜன் இல்லாமலே ஒளியைக் கொண்டு இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. பழைய பட்டைகளில் அவற்றின் பங்கு கணிசமாக இருந்திருக்கலாம்.

ஆக்சிஜன் வந்ததும் பூமியில் இருந்த உயிரெல்லாம் கொத்துக்கொத்தாகச் செத்தது என்று ஒரு கதை ஓடுகிறது. நாடகத்தனமாக இருக்கிறது, சாட்சி குறைவு. ஆக்சிஜனைத் தாங்காத உயிர்கள் இடம் மாறின, அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். இன்றைக்கும் நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றிலும் மாட்டின் முதல் இரைப்பையிலும் மீத்தேன் விடுகிற உயிர்கள் அந்தப் பழைய வாழ்க்கை முறையில்தான் இருக்கின்றன. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், இவை பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்று மரபணுத் தடயத்தை வைத்துக் காட்டினார்கள். ஆர்க்கியா என்று அவற்றுக்குப் பேர். இந்தப் பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வேண்டியிருக்கும்.

ஆக்சிஜனைத் தயாரித்தவர்களுக்கே அது ஒரு தலைவலி. மழை விட்டபின் மொட்டைமாடி மூலையிலும் வயல் வரப்பிலும் கரும்பச்சையாக, ஜெல்லி போல ஒன்று வழுக்குமே, அது பெரும்பாலும் நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா. துளியூண்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மணி கோத்த சரங்கள் தெரியும். வரிசையாகப் பத்துப் பதினைந்து பச்சை மணிகள், அப்புறம் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு. அதற்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பேர். காற்று நைட்ரஜனை உரமாக்கும் நொதி அதற்குள் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். அதனால் அந்த ஒரு செல் ஆக்சிஜன் தயாரிப்பை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, நைட்ரஜன் வேலையை மட்டும் பார்க்கிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை அனுப்புகின்றன, பதிலுக்கு நைட்ரஜன் சத்து வாங்கிக்கொள்கின்றன. அது இனிமேல் பிரிந்து பெருகவே பெருகாது. சரத்துக்காகத் தன் வம்சத்தை விட்டுக்கொடுத்த செல். நம் உடம்பில் தோல் செல்லும் நரம்புச் செல்லும் செய்வது இந்த ஏற்பாட்டைத்தான். நெல் வயலில் விவசாயிகள் விடுகிற அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் அனபீனாவும் இந்த வகையறாதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் இந்த உயிரிகளை வகைப்படுத்தி எழுதிய பெருநூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அடுத்த பெரிய திருப்பம் உட்கரு உள்ள செல். மரம், காளான், மனிதன் எல்லாரும் இந்த வகை. லின் மார்குலிஸ் 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்: நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள் குடியேறித் தங்கிவிட்டது என்று. பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. இன்று யாரும் மறுப்பதில்லை, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதன் சொந்த டிஎன்ஏ இருக்கிறது. சரி, வீடு கொடுத்தது யார்? அதற்குப் பதில் 2015இல் கிடைக்கத் தொடங்கியது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே கடலடியில் லோகியின் கோட்டை என்று பேர் வைத்த வெந்நீர் ஊற்றுப் பகுதிச் சேற்றில், நம் செல்களுக்கே உரிய சில புரதங்களின் மரபணுக்களைக் கொண்ட ஆர்க்கியா இருப்பது தெரிந்தது. உயிரோடு பிடித்து வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். 2006இல் கடலடியிலிருந்து எடுத்த சேற்றை வைத்துக்கொண்டு ஹிரோயுகி இமாச்சியின் குழு பாடுபட்டு, 2020இல்தான் முடிவை வெளியிட்டது. ஏன் அவ்வளவு காலம்? குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்; இந்த உயிரி இரட்டிப்பாக 14 முதல் 25 நாள் ஆகிறது. பார்க்கச் சிறு உருண்டை, அதிலிருந்து கிளை விட்ட நீண்ட கைகள். பக்கத்தில் துணைக்கு வேறு நுண்ணுயிர் இல்லாமல் இதனால் வாழ முடியாது. அந்தக் கைகளுக்குள் ஒரு பாக்டீரியா சிக்கி உள்ளே போயிருக்கும் என்பது அவர்கள் ஊகம். எனக்கு அது நம்பும்படியாகவே படுகிறது.

இது நடந்த காலத்தைத்தான், அதாவது 180 கோடியிலிருந்து 80 கோடி ஆண்டுகள் முன்பு வரையிலான காலத்தை, ஆய்வாளர்கள் கேலியாக 'அலுப்பூட்டும் நூறு கோடி' என்கிறார்கள். பேர் வைத்தவர்கள் பாறையின் வேதியியலை மட்டும் பார்த்தார்கள் போலிருக்கிறது. விந்தியப் பகுதியில் உள்ள சித்ரகூடத்தில் கிடைத்ததைப் பாருங்கள்.

1998இல் டேராடூன் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் ஆஸ்மி, விந்தியப் பாறைகளில் நுண்படிவங்கள் கிடைத்ததாக எழுதினார். கேம்பிரியக் காலத்துச் சிறு ஓட்டுயிர்கள் என்பது அவர் கணிப்பு. அப்படியானால் பாறைக்கு வயது 54 கோடி ஆண்டுகள்தான். அதே ஆண்டு வேறொரு குழு, அதே விந்தியப் பாறைகளில் நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய புழுத்தடங்கள் இருப்பதாகச் சொன்னது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆஸ்மி சொன்னவை படிவங்களே அல்ல என்ற சந்தேகமும் கிளம்பியது. 2002இல் அங்குள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் வயதைக் கணித்தபோது சுமார் 160 கோடி என்று வந்தது. இரு தரப்புக்குமே இடி. ஸ்வீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு நேரில் வந்து பாறை எடுத்துப்போய்ச் சோதித்து, 2009இல் சொன்னது: ஆஸ்மி பார்த்தவை அசல் படிவங்கள்தான், ஆனால் அவர் நினைத்ததைவிட நூறு கோடி ஆண்டு பழையவை, விலங்குகளும் அல்ல. 2017இல் சக்திவாய்ந்த எக்ஸ் கதிரால் பாறையை உடைக்காமல் உள்ளே படமெடுத்து, அவை செல் செல்லாக அடுக்கிய, சிவப்புப் பாசி போன்ற பலசெல் உயிரிகள் என்று அறிவித்தார்கள். செல்களுக்குள் ஒரு சின்னத் தட்டுக்கூடத் தெரிந்தது. ஒன்றுக்கு ரஃபதாஸ்மியா என்று பேர். இன்னொன்று ராமதாலஸ், சித்ரகூடம் ராமர் இருந்த இடமாயிற்றே.

புழுத்தடம் சொன்னவர்கள் மட்டும் இல்லை, விலங்குகளைத் தேடுகிற எல்லாருக்கும் அவசரம் உண்டு. 2021இல் போபால் அருகே பீம்பேட்கா குகை ஒன்றின் கூரையில் டிக்கின்சோனியா என்ற மிகப் பழைய விலங்கின் பதிவு இருப்பதாகச் செய்தி வந்து எங்கும் பரவியது. 2023இல் ஜோசஃப் மீர்ட் குழு போய்ப் பார்த்தால், அது பாறையின் மேல் ஒட்டியிருந்த, உதிர்ந்துகொண்டிருந்த பழைய தேன்கூடு. முதலில் அறிவித்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, 160 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பல செல்கள் சேர்ந்து வாழ்ந்தன. கனடாவின் சாமர்செட் தீவில் கிடைத்த பாங்கியோமார்ஃபா என்ற சிவப்புப் பாசி சுமார் 105 கோடி ஆண்டு பழையது. அதில் ஆண் பெண் இனப்பெருக்கத்தின் அடையாளமும் இருப்பதாக நிக் பட்டர்ஃபீல்டு வாதிடுகிறார். பல செல்லாவது அப்படியொன்றும் கடினம் இல்லை. வில்லியம் ராட்கிளிஃபும் சகாக்களும் 2012இல் சாதாரண ஈஸ்டை வைத்துக் காட்டினார்கள். தினமும் குழாயைக் குலுக்கி, சீக்கிரம் அடியில் படிகிறவற்றை மட்டும் அடுத்த குழாய்க்கு மாற்றினார்கள். 60 நாளில் ஈஸ்ட் கொத்துக் கொத்தாக வளரத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் விலங்குகளை எது தடுத்தது? ஓடி ஆடித் தின்கிற பெரிய உடம்புக்கு எரிபொருள் வேண்டும். 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் வந்தது என்றாலும் வந்தது கொஞ்சம்தான். அடுத்த நூறு கோடி ஆண்டுக்கு அது இன்றைய அளவில் ஒரு சிறு பங்காகவே நின்றது. ஆழ்கடலில் பெரும்பாலும் இல்லவே இல்லை. நம் செல் உறையில் இருக்கும் கொலஸ்டிரால் ஒரு மூலக்கூறு செய்யவே 11 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும் என்றால் நிலைமை புரியும். உணவும் தட்டுப்பாடு. ஆக்சிஜன் அற்ற கடலில் பாஸ்பரஸும் மாலிப்டினமும் போன்ற சத்துகள் பாறையோடு போய் ஒட்டிக்கொள்ளும். மாலிப்டினம் குறைந்தால் நைட்ரஜன் நொதி ஓடாது, பாசி பெருகாது, ஆக்சிஜனும் கூடாது.

இந்த முட்டுக்கட்டையை எது உடைத்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. 72 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 63.5 கோடி வரை பூமி இரண்டு முறை கிட்டத்தட்ட நிலநடுக்கோடு வரை பனியால் மூடியது. பனியாறுகள் மலைகளை அரைத்து மாவாக்கின, பனி உருகியபோது அந்தப் பொடி சத்தாகக் கடலில் கலந்தது என்ற விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு பனிக்காலங்களுக்கும் நடுவில் படிந்த பாறைகளின் கொழுப்புத் தடயங்களைப் பார்த்தால், அதுவரை பாக்டீரியா ஆதிக்கம் செலுத்திய கடலில் அசல் பாசிகள் திடீரென்று பெருகியிருப்பது தெரிகிறது. பாக்டீரியாவைவிடப் பாசி செல் மிகப் பெரியது, அதாவது கடித்துத் தின்ன ஒரு கவளம். அதற்குப் பிறகுதான், பனிக்காலங்களை அடுத்து வந்த எடியாக்காரா என்ற காலத்து மெத்தென்ற உடம்புகள் வருகின்றன. முன்பு சொன்ன டிக்கின்சோனியா அதில் ஒன்று. ரஷ்யாவின் வெண்கடல் கரையில் எடுத்த 55.8 கோடி ஆண்டுப் படிவத்தில் விலங்குகளின் அடையாளமான கொலஸ்டிராலின் மிச்சம் இருப்பதை 2018இல் கண்டார்கள். அதனால் அது விலங்குதான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல முடிகிறது.

விலங்குகள் வந்ததும் முதலில் அடி வாங்கியது ஸ்ட்ரோமட்டோலைட். அந்த வழவழப்பு விரிப்பை மேய்வதற்கும் தோண்டுவதற்கும் ஆள் வந்துவிட்டது. உலகமெங்கும் பரவிக் கிடந்தவை இன்று மேய்ச்சல் இல்லாத சில மூலைகளில்தான் மிஞ்சுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஹேமலின் குளம் என்ற பகுதியில் கடல் நீர் சாதாரண அளவைப்போல் இரண்டு மடங்கு உப்பு. நத்தைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அங்கே அவை இன்னும் வருடத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் ராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவிலும் சித்தோர்கட் அருகே போஜுண்டாவிலும் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டுகளைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரண்டும் தேசியப் புவியியல் நினைவிடங்களாக அறிவிக்கப்பட்டவை, அதனால் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.